தானியங்கிக் கியர்ப்பெட்டி: வடிகட்டியை மாற்றுதலும் தட்டை ஒழுகாமல் மூடுதலும்

தோட்டப்புறங்களில் லயன் வீடுகளின் முன்னால் ஒரு காலத்தில் சைக்கிள்கள் நின்றன. பின்னர் மோட்டார் சைக்கிள்கள் நின்றன. இப்பொழுது கைமாறி வந்த பழைய கார்களையும் அங்கே காண்கிறோம். 1993ஆம் ஆண்டில் வெளிவந்து 2009ஆம் ஆண்டில் உற்பத்தி நிறுத்தப்பட்ட புரோட்டோன் வீரா அவற்றுள் ஒன்று. பள்ளிக்கும் பட்டணத்துக்கும் மருத்துவமனைக்கும் நெடுந்தூரம் செல்ல வேண்டிய குடும்பங்களுக்கு இத்தகைய கார் ஆடம்பரப் பொருளன்று, அவசியப் பொருளாகும்.

இக்கார்களுள் பல ‘ஆட்டோ’ வண்டிகள். கிளட்ச் மிதிகட்டை இல்லாமையால் ஓட்டுவது எளிது. ஆனால் அந்த எளிமையை நமக்கு அளிக்கும் தானியங்கிக் கியர்ப்பெட்டி பழுதுபட்டுவிட்டால், அதைச் சீர்செய்யும் செலவு சில வேளைகளில் பழைய காரின் விலையையே எட்டிவிடும். எஞ்சின் எண்ணெயைத் தவறாமல் மாற்றுகின்ற அன்பர்களும் கியர்ப்பெட்டியின் எண்ணெயையும் அதன் வடிகட்டியையும் மறந்துவிடுகின்றனர். அவற்றை வீட்டிலேயே மாற்றும் முறையையும், கழற்றிய தட்டை ஒழுகாதவாறு மூடும் முறையையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதை எழுதுவதற்கு எனக்குள்ள தகுதி, நானே ஒருமுறை இவ்வேலையைத் தவறாகச் செய்தவன் என்பதுதான். சில ஆண்டுகளுக்கு முன்னர் என் பழைய காரின் கியர்ப்பெட்டித் தட்டைக் கழற்றி, வடிகட்டியை மாற்றி, ‘இனி ஒரு சொட்டும் ஒழுகக்கூடாது’ என்ற எண்ணத்தில் சிலிக்கோன் பசையை விரல் தடிமனுக்குப் பூசி, கை வலிக்கும் மட்டும் திருகாணிகளை முறுக்கி மூடினேன். வெளியே வழிந்த பசையைத் துணியால் துடைத்துவிட்டு, வேலை முடிந்தது என்று மகிழ்ந்தேன். ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை என்பது உண்மைதான். ஆனால் இரண்டு மாதங்கள் கழித்து, ஓர் இரவு, மூச்சுத்திணறலால் அவதியுற்ற என் சின்னம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றபொழுது, தோட்டத்து மேட்டில் கார் ஏற மறுத்தது. எஞ்சின் உறுமியது, சக்கரம் நகரவில்லை. அவ்வழியே வந்த தோட்டத்து லாரியில்தான் அவரைக் கொண்டு சேர்த்தோம். அவர் பிழைத்துக்கொண்டார். மறுவாரம் தட்டைத் திறந்து பார்த்தபொழுது, புதிய வடிகட்டியின் வாயில் சேமியா இழைகளைப் போல் என் சிலிக்கோன் பசையே அடைத்துக்கொண்டிருந்தது.

அந்தப் பசை எப்படி உள்ளே போயிற்று, போனால் கார் ஏன் நிற்க வேண்டும் என்பதை அறிய, முதலில் அப்பெட்டி எவ்வாறு இயங்குகிறது என்பதைச் சிறிது பார்ப்போம்.

பெட்டிக்குள் நடப்பது என்ன?

இரண்டு மின்விசிறிகளை நேருக்கு நேர் வைத்து, ஒன்றை மட்டும் சுழலவிட்டால், அதன் காற்று பட்டு மற்றொன்றும் மெல்லச் சுழலத் தொடங்கும். காற்றுக்குப் பதிலாக எண்ணெய் நிறைந்த மூடிய கூண்டு ஒன்றில் இவ்வாறே இரண்டு சுழலிகள் எதிரெதிரே உள்ளன. ஒன்றை எஞ்சின் சுழற்றுகிறது. அது வீசும் எண்ணெய் மற்றொன்றைச் சுழற்றுகிறது. எண்ணெய் வழியே விசையைக் கடத்தும் இந்த வழிக்கு ஹெர்மன் ஃபொட்டிங்கர் என்னும் ஜெர்மானியப் பொறியியலாளர் 1905ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றார். அவர் அதைக் கப்பல்களுக்காக வகுத்தார். கார்களுக்குப் பெருமளவில் உற்பத்தி செய்யப்பட்ட முதல் தானியங்கிக் கியர்ப்பெட்டியை அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1939ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்தியது.

கூண்டுக்குப் பின்னால் பற்சக்கரத் தொகுதிகளும், அவற்றைப் பிடித்தும் விட்டும் கியரை மாற்றும் கிளட்ச் தட்டுகளும் இருக்கின்றன. இவற்றை இறுகப் பிடிப்பது கம்பியுமன்று, நம் காலுமன்று. எண்ணெயின் அழுத்தமே ஆகும். எஞ்சின் சுழலும் வரை ஒரு பம்பு ஓயாமல் தட்டிலிருந்து எண்ணெயை உறிஞ்சி, நூல் நுழையுமளவே உள்ள சந்துகள் வழியாக வால்வுகளுக்கு அனுப்புகிறது. ஆகவே இந்த எண்ணெய் வெறும் மசகு அன்று. விசையைக் கடத்துவதும், கியரை மாற்றுவதும், உராய்வைத் தணிப்பதும், சூட்டை வெளியேற்றுவதும் அதுவே.

பம்பு உறிஞ்சும் வாயில்தான் வடிகட்டி அமர்ந்திருக்கிறது. இதைப் பால்மரத் தொழிலாளர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கொட்டகையில் பாலை ஊற்றும்பொழுது சல்லடையில் பட்டைத் துணுக்கும் உறைந்த கட்டியும் தங்கிவிடுகின்றன. சல்லடையைத் தட்டிக் கழுவாமலே விட்டால் பால் இறங்காது. மேலே தேங்கி வழியும். நம் கண் முன்னால் நடப்பதால் உடனே கழுவுகிறோம். கியர்ப்பெட்டியின் சல்லடையோ கண்ணுக்குத் தெரிவதில்லை. கிளட்ச் தட்டுகளின் தேய்மானத் தூள் அதில் ஆண்டுக்கணக்கில் படிகிறது. எண்ணெய் குறைவாக வருவதால் அழுத்தம் குறைகிறது. கிளட்ச் தட்டுகள் இறுகப் பிடிக்காமல் வழுக்குகின்றன. வழுக்குவதால் சூடேறிக் கருகுகின்றன. கருகிய தூள் மேலும் சல்லடையை அடைக்கிறது. மேட்டில் என் கார் நின்றதற்குக் காரணமும் இதுவே. தூளுக்குப் பதில் நான் பசையைக் கொடுத்திருந்தேன்.

எவ்வளவு காலத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பதைக் காரின் கையேடு கூறும். 40,000 கிலோமீட்டரிலிருந்து 80,000 கிலோமீட்டருக்குள் ஓர் எண்ணைக் குறிப்பிடும் கையேடுகள் பல. செம்மண் பாதையும் மேடு பள்ளமும் நிறைந்த நம் ஓட்டம் கடின ஓட்டமாகும். ஆதலால் சிறிய எண்ணைக் கொள்வதே அறிவுடைமை.

எல்லாக் காருக்கும் பொருந்தாது

இங்கே கூறப்படும் முறை, அடியில் திருகாணிகளால் பிணைக்கப்பட்ட தட்டும், எண்ணெயின் அளவைப் பார்க்கும் அளவுகோலும் உள்ள பழைய வகைப் பெட்டிகளுக்கே உரியது. புதிய கார்கள் பலவற்றில் அளவுகோலே கிடையாது. எண்ணெயின் வெப்பநிலையைக் கருவியால் அளந்து, அக்குறிப்பிட்ட சூட்டில்தான் அளவைச் சரிபார்க்க வேண்டும். சி.வி.டி. எனப்படும் பட்டை வகைப் பெட்டிகளின் எண்ணெயே வேறு. 2011ஆம் ஆண்டில் வந்த சாகா எஃப்.எல்.எக்ஸ். கார்கள் சிலவற்றில் அவ்வகைப் பெட்டி உண்டு. 2019ஆம் ஆண்டின் சாகாவில் மீண்டும் நான்கு கியர்ப் பெட்டி வந்தது. ஒரே பெயருள்ள காரிலும் உள்ளிருக்கும் பெட்டி ஆண்டுக்கு ஆண்டு மாறியிருக்கலாம் என்பதற்கு இது சான்று. வடிகட்டியைத் தட்டின் வழியே எடுக்கவே முடியாத பெட்டிகளும் உள்ளன. எனவே உதிரிப்பாகக் கடைக்குச் செல்லும்பொழுது காரின் பெயரை மட்டும் சொல்லாமல், பதிவு அட்டையிலுள்ள ஆண்டையும் சேஸிஸ் எண்ணையும் காட்டி வடிகட்டியையும் கேஸ்கட்டையும் கேட்க வேண்டும்.

எண்ணெய் வாங்குவதில் இன்னும் எச்சரிக்கை தேவை. ‘கியர் ஆயில்’ என்று பொதுவாகக் கேட்டால் கைக்கியர்ப் பெட்டிக்குரிய தடித்த எண்ணெயைக் கடைக்காரர் எடுத்துக் கொடுத்துவிடக்கூடும். நமக்கு வேண்டியது ஏ.டி.எஃப். எனப்படும் மெல்லிய எண்ணெய். பெரும்பாலும் சிவப்பு நிறத்தில் இருக்கும். ஒழுகினால் அது எஞ்சினின் ‘மினியாக் ஈத்தாம்’ அன்று, கியர்ப்பெட்டியினுடையது என்று உடனே தெரிந்துகொள்வதற்கு அந்தச் சாயம் உதவுகிறது. சிவப்பெல்லாம் ஒன்றென்று எண்ணுவதும் தவறே. மிட்சுபிஷி வழிவந்த வீராவின் பெட்டி எஸ்.பி. என்று குறிக்கப்பட்ட வகையைக் கேட்கும். வேறு பல கார்கள் டெக்ஸ்ரான் வகையைக் கேட்கும். கிளட்ச் எவ்வளவு வழுக்க வேண்டும், எப்பொழுது கவ்வ வேண்டும் என்பது எண்ணெயில் கலந்துள்ள சேர்மானத்தைப் பொறுத்தது. ஒரு காலத்தில் இச்சேர்மானத்துக்குத் திமிங்கில எண்ணெயைப் பயன்படுத்தினர்; 1970களின் தொடக்கத்தில் அமெரிக்கா அதைத் தடைசெய்த பின்னரே செயற்கைப் பொருள்கள் அவ்விடத்தைப் பிடித்தன. கையேடு எந்த எழுத்தைக் குறிப்பிடுகிறதோ அதே எழுத்து டின்னின் மீதும் இருத்தல் வேண்டும். விலை மலிவு இங்கே ஒரு காரணமாகாது.

காரை உயர்த்துதல்

நண்பர்களே, இப்பகுதியை இருமுறை படியுங்கள். கியர்ப்பெட்டி கெட்டால் பணம் போகும். கார் சரிந்து விழுந்தால் ஆளே போய்விடுவார்.

கார் உயர்த்தும் ஜாக்கி, உயர்த்துவதற்கு மட்டுமே உரியது, தாங்குவதற்கு உரியதன்று. லயன் வாசலின் செம்மண் நிலம் காய்ந்திருக்கும்பொழுது கல்லைப் போலிருக்கும். ஒரு மழைக்குப் பின் ஜாக்கியின் கால் அதில் அமிழ்ந்துவிடும். ஆகையால் சிமெண்டுத் தளம் உள்ள இடத்தைத் தேடுங்கள். அது கிடைக்காவிடில், தடித்த பலகைகளை அடியில் பரப்பிக்கொள்ளுங்கள். காரை உயர்த்தியவுடன் இரண்டு பக்கமும் இரும்புத் தாங்கிகளை வைத்து, அவற்றின் மேல் காரை இறக்க வேண்டும். செங்கல்லையும் சிமெண்டுக் கல்லையும் அடுக்கி வைப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். கல் வளைந்து எச்சரிக்கை தராது. ஒரே நொடியில் நொறுங்கிவிடும். தாங்கி இல்லையேல் அன்று வேலையும் இல்லை என்று உறுதி கொள்ளுங்கள்.

மற்றொன்றும் உண்டு. முன்சக்கரங்களால் இழுக்கப்படும் கார்களில், நெம்பை P இல் வைத்தால் முன்சக்கரங்கள்தான் பூட்டிக்கொள்கின்றன. முன்பக்கத்தை உயர்த்திவிட்டால் அந்தப் பூட்டினால் பயனில்லை. கைப்பிரேக்கை இறுக்கி, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டைகளைச் செருகிய பின்னரே அடியில் நுழைய வேண்டும். அருகில் ஒருவர் இருப்பது நன்று. குழந்தைகளைத் தொலைவில் அனுப்பிவிடுங்கள். காரின் அடியில் அப்பா படுத்திருப்பது அவர்களுக்கு விளையாட்டாகத் தோன்றும்.

வடித்தலும் தட்டைப் படித்தலும்

சிறிது ஓட்டிய பின் எண்ணெய் இளகியிருக்கும். அழுக்கும் அதில் மிதந்திருக்கும். ஆனால் நெடுந்தூரம் ஓடிய சூட்டில் திறந்தால் கை வெந்துவிடும். ஓட்டிவிட்டு அரைமணி நேரமாவது ஆறவிடுதல் நலம். வடிகால் திருகாணி இருந்தால் முதலில் அதைத் திறந்து வடித்துவிடலாம். இல்லையெனில் தட்டின் திருகாணிகளை ஒரு மூலையிலிருந்து வரிசையாகத் தளர்த்தி, எதிர்மூலையில் இரண்டை மட்டும் சில சுற்றுகள் விட்டு வைத்துக்கொண்டால், தட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து எண்ணெய் அங்கிருந்து இறங்கும். எல்லாவற்றையும் ஒருங்கே கழற்றினால் எண்ணெய் முழுவதும் முகத்தின் மீதுதான் விழும்.

இறங்கிய எண்ணெயை வீணே கொட்டாமல், அளவுக்கோடுள்ள பாத்திரத்தில் பிடித்து, எத்தனை லிட்டர் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியிலுள்ள மொத்த எண்ணெயில் மூன்றிலொரு பங்கு முதல் பாதி வரையே இவ்வாறு வெளிவரும். எஞ்சியது சுழலிக் கூண்டுக்குள் தங்கிவிடுகிறது. ‘மொத்தக் கொள்ளளவு’ என்று கையேட்டில் காணும் அளவை நம்பி அவ்வளவையும் ஊற்றிவிட்டுத் துன்பப்படுபவர் பலர்.

இனித் தட்டைப் பாருங்கள். மருத்துவர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்ப்பதைப் போன்றது இது. தட்டின் அடியில் சிறு காந்தங்கள் இருக்கும். அவற்றின் மேல் சாம்பல் நிறத்தில் களிம்பு போன்ற மெல்லிய படிவு இருப்பது இயல்பான தேய்மானமே. துடைத்துவிட்டு அதே இடத்தில் வையுங்கள். விரலில் நெருடும் இரும்புத் துண்டுகளோ, பித்தளை நிறச் சில்லுகளோ காணப்பட்டால் உள்ளே ஏதோ உடைகிறது என்று பொருள். எண்ணெய் கறுத்துக் கருகிய மணம் வீசினால் கிளட்ச் தட்டுகள் எரிந்துள்ளன. சிராப் பண்டோங் போல இளஞ்சிவப்பாகப் பால் கலந்த நிறத்தில் இருந்தால், ரேடியேட்டருக்குள் உள்ள குளிர்விப்பான் பிளந்து தண்ணீர் கலந்துவிட்டது. அந்நிலையில் புதிய எண்ணெயை ஊற்றுவது வீண். முதலில் ரேடியேட்டரைப் பார்க்க வேண்டும்.

‘பழைய பெட்டியில் எண்ணெயை மாற்றினால் பெட்டி செத்துவிடும்’ என்று சிலர் கூறுவர். ஏற்கெனவே வழுக்கத் தொடங்கிய பெட்டியைப் புதிய எண்ணெய் பிழைக்க வைக்காது என்பதே இதில் உள்ள உண்மை. சாகும் தறுவாயில் மருந்து கொடுத்துவிட்டு மருந்தைப் பழிப்பது போன்றது அப்பேச்சு. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பெட்டிக்கு மாற்றுவது நன்மையே.

வடிகட்டியைக் கழற்றுவது எளிது. சில திருகாணிகளில் அது நிற்கும், அல்லது ரப்பர் வளையத்தின் பிடியில் செருகப்பட்டிருக்கும். கம்பி வலையாலான வகையைக் கழுவி மீண்டும் பொருத்தலாம். துணி அல்லது தாள் வகையை மாற்றியே ஆக வேண்டும். இங்கே ஒரு சூழ்ச்சி உண்டு. பழைய வடிகட்டியோடு அதன் ரப்பர் வளையம் வராமல் மேலே துளைக்குள்ளேயே ஒட்டிக்கொண்டுவிடும். அதை அறியாமல் புதிய வளையத்தோடு புதிய வடிகட்டியைச் செருகினால் அது சரியாக உட்காராது. பம்பு எண்ணெயோடு காற்றையும் உறிஞ்சும். கழற்றிய வடிகட்டியில் வளையம் இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்த பின்னரே அடுத்த வேலை.

ஒழுகாமல் மூடுவது

கியர்ப்பெட்டியின் தட்டு ஒழுகாமல் இருப்பதற்குப் பசையின் அளவும் காரணமன்று, முறுக்கும் பலமும் காரணமன்று. இரண்டு முகங்கள் சுத்தமாகவும் சமமாகவும் இருந்து, எல்லா இடத்திலும் ஒரே அளவாக அழுத்தப்படுவதே காரணம். நான் தவறியது இங்கேதான்.

முதலில் சுத்தம். பெட்டியின் முகம் அலுமினியத்தாலானது, மிருதுவானது. ஒட்டியிருக்கும் பழைய கேஸ்கட்டைச் சுரண்டுவதற்குக் கை தானாகவே பால் வெட்டும் உளியை நாடும். நானும் அதைத்தான் தேடினேன். வேண்டாம். உளி ஒரு கீறல் விழுத்தினால் அந்தக் கீறல் வழியே எண்ணெய் என்றென்றும் கசியும். பிளாஸ்டிக் சுரண்டியோ, முனை தீட்டிய மூங்கில் பட்டையோ போதும். பொறுமை வேண்டும். தட்டை மண்ணெண்ணெயில் கழுவி நன்றாகத் துடையுங்கள். நூல் உதிரும் பழைய பனியன் துணி ஆகாது. ஓர் இழை உள்ளே போனாலும் வால்வில் சிக்கும். கடைசியாக, எண்ணெய்ப் பிசுக்கு முற்றும் நீங்க, பிரேக் துப்புரவுத் திரவத்தால் இரு முகங்களையும் துடைத்து உலரவிடுங்கள். பிசுக்கின் மீது எந்தப் பசையும் பிடிக்காது.

அடுத்து, தட்டின் விளிம்பை ஒரு நேரான இரும்புச் சட்டத்தின் மேல் வைத்துப் பாருங்கள். முன்னால் யாரோ அளவுக்கு மீறி முறுக்கியிருந்தால், ஒவ்வொரு துளையைச் சுற்றியும் தகடு உள்நோக்கிக் குழிந்திருக்கும். துளைகளில் மட்டும் இறுகி, இடைப்பட்ட இடங்களில் இடைவெளி விடும் தட்டு ஒழுகாமல் என்ன செய்யும்? விளிம்பைத் தட்டையான கட்டையின் மேல் வைத்துச் சிறு சுத்தியலால் மெல்லத் தட்டிச் சமப்படுத்த வேண்டும். ஐந்து நிமிட வேலைதான். ஆனால் ஒழுகும் தட்டுகளுள் பலவற்றின் நோய் இதனால் தீர்ந்துவிடும்.

பின்னர் கேஸ்கட். கடையில் கிடைக்காதபொழுது சைக்கிள் ட்யூபை வெட்டிக் கேஸ்கட் செய்யும் கைத்திறன் நம்மவரிடம் உண்டு. தண்ணீர்க் குழாய்க்கு அது சரி. இங்கே கூடாது. நாம் மரத்திலிருந்து எடுக்கும் இயற்கை ரப்பர், டயருக்கு இணையற்றதாயினும், கனிம எண்ணெயில் ஊறினால் உப்பி, மிருதுவாகி, கூழாகிவிடும். ட்யூபுகளில் பயன்படும் ப்யூட்டைல் ரப்பரின் கதியும் அதுவே. இதனால்தான் 1930களில் ஜெர்மனியில் நைட்ரைல் என்னும் செயற்கை ரப்பரை உருவாக்கினர். எண்ணெயைத் தாங்குவதே அதன் சிறப்பு. வடிகட்டியின் வளையமும் ரப்பர் கேஸ்கட்டும் அத்தகைய எண்ணெய் தாங்கும் ரப்பரால் ஆனவை. வாழ்நாள் முழுவதும் ரப்பரோடு பழகும் நாம் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி இது.

உங்கள் காரின் தட்டு கேஸ்கட்டால் மூடப்பட்டதா, பசையால் மட்டும் மூடப்பட்டதா என்பதைக் கழற்றும்பொழுதே கவனித்துக்கொள்ளுங்கள். கேஸ்கட் உள்ளதாயின், அதை உலர்ந்தபடியே வைத்து மூடுங்கள். அதன்மேல் சிலிக்கோன் பூசினால் வழுவழுப்பாகி, முறுக்கும்பொழுது வெளியே பிதுங்கி ஓடிவிடும். பசை மட்டுமே உள்ளதாயின், எஞ்சினுக்கும் கியர்ப்பெட்டிக்கும் உரிய, எண்ணெய் தாங்கும் சிலிக்கோன் பசையை வாங்குங்கள். குளியலறை ஓட்டைகளை அடைக்கும் சிலிக்கோன் இதற்கு ஆகாது. 2 முதல் 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒரே கோடாக, எங்கும் அறுபடாமல், திருகாணித் துளைகளுக்கு உட்புறமாகச் சுற்றி இட வேண்டும். அதற்கு மேல் இடுவது பிதுங்கும். வெளியே பிதுங்கியதை நாம் காண்கிறோம், துடைக்கிறோம். அதே அளவு உள்ளேயும் பிதுங்கியிருக்கும். அதை யார் துடைப்பது? அது சூட்டிலும் எண்ணெயிலும் ஊறிப் பிய்ந்து, நேரே வடிகட்டியின் வாய்க்குத்தான் போகும்.

இவ்வகைப் பசை காற்றிலுள்ள ஈரத்தால் இறுகுவது. நம் நாட்டின் ஈரக்காற்றில் விரைவாகவே ஆடை கட்டிவிடும். ஆதலால் எல்லாவற்றையும் அருகில் எடுத்து வைத்துக்கொண்டு, பசை இட்டவுடன் தட்டைத் தூக்கிப் பொருத்திவிடுங்கள்.

திருகாணிகளை முதலில் விரலாலேயே எல்லாவற்றையும் ஏற்றிவிட வேண்டும். பின்னர் நடுப்பகுதியில் தொடங்கி, குறுக்கும் மறுக்குமாக, இரண்டு மூன்று சுற்றுகளில் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். எவ்வளவு இறுக்கம்? கையேட்டில் எண் இருக்கும். 6 மில்லிமீட்டர் தடிமனுள்ள இத்தகைய சிறு திருகாணிகளுக்கு அது ஏறக்குறைய 10 நியூட்டன் மீட்டர். அதாவது, 15 சென்டிமீட்டர் நீளமுள்ள ஸ்பேனரின் முனையில் ஏறக்குறைய 7 கிலோ எடையைத் தொங்கவிட்டால் உண்டாகும் முறுக்கு, அவ்வளவே. ஓர் ஆண்மகனின் முழுப் பலத்தில் இது சிறு பங்கு. முறுக்குவிசையைக் காட்டும் ஸ்பேனரைத் தோட்டத்துப் பட்டறையிலிருந்து ஒரு நாள் இரவல் பெறுவது சிறந்தது. கிடைக்காதபொழுது, ஸ்பேனரின் கடைசி முனையைப் பிடிக்காமல் தலைக்கு அருகில் பிடித்து முறுக்கினால் பலம் தானாகக் குறையும்.

மரம் வெட்டுபவர்க்கு இதைவிட நன்றாக யார் சொல்ல முடியும்? பால் வேண்டும் என்று உளியை ஆழ அழுத்தினால் மரத்தின் உயிர்த்தோலில் காயம் பட்டு, மறுபட்டை முண்டும் முடிச்சுமாக வளர்கிறது. அதற்கு ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேலான கனம் விட்டு வெட்டும் அந்தக் கைதான் இந்தத் திருகாணிக்கும் வேண்டும். அலுமினியத்தில் மரை அழிந்துவிட்டால் அதற்கு மறுபட்டை வளராது.

நிரப்புதலும் சோதித்தலும்

பசையால் மூடியிருந்தால், அதன் குப்பியில் கண்டுள்ள நேரம் வரை காத்திருங்கள். ஓரிரவு விட்டுவைத்தால் ஐயமில்லை. பின்னர் அளவுகோல் நுழையும் குழாயின் வழியே, நீண்ட கழுத்துள்ள சுத்தமான புனல் கொண்டு, வெளியே வந்த அளவையே ஊற்றுங்கள். சமையல் எண்ணெய்க்கோ பாலுக்கோ பயன்பட்ட புனல் வேண்டாம். எண்ணெய் ஊற்றாமல் எஞ்சினை ஒரு நொடியும் இயக்கலாகாது.

எஞ்சினை இயக்கி, பிரேக்கை மிதித்தபடி P முதல் கடைசி நிலை வரை ஒவ்வொன்றிலும் சில விநாடிகள் நிறுத்தி நகர்த்தினால், எண்ணெய் எல்லாச் சந்துகளிலும் பாயும். காரைத் தாங்கியிலிருந்து இறக்கிச் சமதரையில் நிறுத்தி, சிறிது ஓட்டிச் சூடேற்றிய பின் அளவைப் பாருங்கள். எஞ்சின் இயங்கும்பொழுது பார்ப்பதா, நிறுத்திவிட்டா, எந்த நிலையில் என்பது காருக்குக் கார் வேறுபடும். மிட்சுபிஷி வழிவந்த பெட்டிகளில் எஞ்சின் இயங்க, N இல் வைத்துப் பார்க்க வேண்டும். டொயோட்டா பெட்டிகளில் P இல். ஹோண்டாவில் எஞ்சினை நிறுத்திவிட்டு உடனே பார்க்க வேண்டும். முறை மாறினால் அளவும் மாறிக் காட்டும். சூட்டுக்குரிய இரு கோடுகளுக்கு இடையே எண்ணெய் நிற்றல் வேண்டும். குறைந்தால் பம்பு காற்றை உறிஞ்சும். கூடினாலும் தீமையே, சுழலும் சக்கரங்கள் அதைக் கடைந்து நுரையாக்கும், நுரைக்கு அழுத்தம் இல்லை. ஆகவே குறைவைச் சிறிது சிறிதாக ஊற்றி நிறைவு செய்யுங்கள். ஊற்றியதை எடுப்பது கடினம்.

பழைய எண்ணெயைப் பற்றி ஒரு சொல். அதை லயன் வடிகாலில் ஊற்றினால் அடுத்த மழையில் ஆற்றில் இருக்கும். அந்த ஆற்றில் நம் பிள்ளைகள் குளிக்கிறார்கள். வேலிக்கால்களுக்குப் பூசுவதும், குப்பையோடு எரிப்பதும் சரியன்று. 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ் 2005ஆம் ஆண்டில் வந்த விதிகள், பயன்பட்ட மசகெண்ணெயைத் தனிக் கட்டுப்பாட்டுக்குரிய கழிவுகளின் பட்டியலில் வைத்துள்ளன. வந்த டின்னிலேயே மீண்டும் ஊற்றி மூடி, பழைய எண்ணெயைச் சேகரிக்கும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். பழைய வடிகட்டியையும் ஓரிரவு தலைகீழாக வைத்து வடித்த பின், அதனோடு சேர்த்துக் கொடுக்கலாம்.

அன்றிரவு காரை நிறுத்தும்பொழுது, தட்டுக்கு நேர் கீழே ஒரு பழைய அட்டைப்பெட்டியை விரித்துப் போடுங்கள். விடியற்காலையில் வேலைக்குப் புறப்படுமுன் கைவிளக்கால் பாருங்கள். சிவப்புப் புள்ளி தென்பட்டால் உடனே ஸ்பேனரைத் தேட வேண்டாம். வேலை செய்யும்பொழுது சிந்திய எண்ணெய் சட்டத்தில் தங்கிச் சொட்டுவதும் உண்டு. தட்டின் விளிம்பைத் துடைத்துவிட்டு, இன்னோர் இரவு அட்டையைப் போட்டுப் பாருங்கள். இரண்டாம் நாளும் அதே இடத்தில் சிவந்திருந்தால் மேலும் முறுக்காதீர்கள். தட்டைக் கழற்றி, விளிம்பைச் சமப்படுத்தி, மறுபடியும் மூடுங்கள். நான் மூன்றாம் முறையில்தான் உலர்ந்த அட்டையைக் கண்டேன்.